உள்ளபடியே

மயிலாடுதுறை இரயில் நிலையத்துக்குச் சற்று அருகில் ஒரு பழைய ஓட்டு வீடு. அவ்வீட்டுப் பெரியவர் இரயில்வே அஞ்சல் பிரிவில், ஆர்.எம்.எஸ். என்று ஊரார் வழங்கும் அந்த வேலையில், 34 ஆண்டுகள் கடிதம் பிரித்தவர். ஓடும் வண்டியின் அஞ்சல் பெட்டியில் இரவெல்லாம் நின்றபடியே, ஊர்ப்பெயர் ஒட்டிய சிறு அறைகளில் கடிதங்களைப் பிழையின்றிச் சேர்த்த கை அவருடையது. அப்படிப்பட்டவரின் வீட்டு அலமாரியில் 112 கேசட்டுகள் ஓர் ஒழுங்குமின்றிக் கிடந்தன. தச்சன் வீட்டுக் கதவு என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்வார்.

அவற்றுள் ஏறத்தாழப் பாதி கடையில் வாங்கியவை. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் வேங்கடேச சுப்ரபாதம், சீர்காழி கோவிந்தராஜன், டி.எம். சௌந்தரராஜன் ஆகியோர் பாடிய முருகன் பாடல்கள், தருமபுரம் சுவாமிநாதன் அவர்களின் தேவாரம் என, பக்திக் குடும்பங்கள் பலவற்றிலும் காணக் கிடைப்பவைதாம். மறுபாதி வீட்டிலும் கோயிலிலும் பதிவானவை. கும்பாபிஷேகத்தன்று ஓதுவார் பாடியது, நவராத்திரிக் கொலுவின் முன் பெண்கள் பாடியது, ஒரு பௌராணிகரின் பெரிய புராண விரிவுரை. சிலவற்றின் மேலிருந்த பென்சில் எழுத்து மங்கிப் போயிருந்தது. சிலவற்றின் மேல் எழுத்தே இல்லை.

பெரியவரின் துணைவியார் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இளமையில் கோயில் பிராகாரத்தில் அமர்ந்து, ஓதுவார் ஒருவரிடம் பண்ணோடு தேவாரம் கற்ற அம்மையார் அவர். துபாயிலிருந்து தம்பி கொண்டுவந்து கொடுத்த டூ-இன்-ஒன்னில் அவர் எப்போதோ பாடிப் பதிவு செய்த நாடாக்களும் அந்தக் குவியலுக்குள் இருந்தன. எந்த நாடாவில் என்பதுதான் தெரியவில்லை. போட்டுக் கேட்கலாமென்றால் டூ-இன்-ஒன் பழுதாகிப் பல காலம் ஆயிற்று. நாடாக்களிலோ பூஞ்சை படரத் தொடங்கியிருந்தது.

சென்னையில் கணினித் துறையில் பணிபுரியும் பேத்தி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தபோது தாத்தாவிடம் வந்து தங்கினாள். பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றைப் பழுது பார்த்து வாங்கிக் கணினியோடு இணைத்தாள். கேசட்டை மாற்றுவதற்குக் குறுக்கு வழி இல்லை. அறுபது நிமிட நாடா அறுபது நிமிடம் ஓடியே தீரவேண்டும். ஒரு மணி நேரப் பதிவைச் சுருக்காமல் குறுந்தகட்டின் தரத்திலேயே வைத்தால் ஏறத்தாழ 635 மெகாபைட் இடம் பிடிக்கும். ஒலி சிறிதும் குறையாதபடி சுருக்கும் முறையும் உண்டு. நான்கு மாதங்களில் 112 நாடாக்களும் இவ்வாறு கணினிக்குள் வந்து சேர்ந்தன. அவற்றோடு மகன்களும் மருமகள்களும் காலந்தோறும் அனுப்பிய குறுந்தகட்டுப் பாடல்களும், கைப்பேசியில் வந்தவையும் கலந்தன.

வந்து சேர்ந்ததே தவிர ஒழுங்கு வரவில்லை. முன்பு அலமாரியில் இருந்த குப்பை இப்போது கணினியில் இருந்தது. சீர்காழி என்ற ஒரு பெயரை ஆங்கில எழுத்தில் நான்கு விதமாக எழுதியிருந்தார்கள். மனிதர் கண்ணுக்கு அது ஒரே பாடகர். கணினிக்கோ நான்கு பேர். சுப்ரபாதம் ஐந்து இடங்களில் ஐந்து பெயரோடு இருந்தது.

இதைச் சீர்செய்ய அவள் தேர்ந்தது பீட்ஸ் என்னும் இலவச மென்பொருள். ஏட்ரியன் சாம்ப்சன் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர் தொடங்கிவைத்தது. பின்னர் பலர் கூடி வளர்த்து வருவது. வெளியார் நிறுவனம் எதனிடமும் பாடல்களை ஒப்படைக்க வேண்டியதில்லை. வீட்டுக் கூடத்தில், உள்ளங்கையளவே உள்ள ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியில் அது இயங்கும். ஒழுங்கான பாடல்களைக் கைப்பேசியில் கேட்க நேவிட்ரோம் என்னும் மற்றொரு மென்பொருளும் அதிலேயே அமர்ந்தது. “மாத வாடகை உண்டா?” என்பதே பெரியவர் கேட்ட முதற்கேள்வி. இல்லை என்றதும் அடுத்த கேள்வி கேட்டார்: “யார் பாடியது என்று அதற்கு எப்படித் தெரியும்?”

நல்ல கேள்வி. குறுந்தகடுகள் பரவிய காலத்தில் பெரும்பாலான தகடுகளுக்குள் பாட்டு இருந்ததே தவிர, பாட்டின் பெயர் இல்லை. ஆகவே 1990-களில் உலகெங்குமுள்ள இசை அன்பர்கள் தம்மிடமிருந்த தகடுகளின் பாடற்பெயர்களைக் கையால் தட்டச்சு செய்து, சிடிடிபி என்னும் பொதுப் பட்டியலில் சேர்த்தார்கள். ஊதியம் எதுவுமில்லை. தான் எழுதியது முகமறியாத இன்னொருவருக்கு உதவும் என்பதே கூலி. பின்னாளில் அப்பட்டியல் வணிக நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. ஊர் கூடி வெட்டிய குளத்துக்கு ஒருவர் வேலி போட்டதைப் போல, எழுதிக் கொடுத்தவர்கள் மனம் நொந்தார்கள். அந்த மனக்குறையிலிருந்து பிறந்த பட்டியல்களில் ஒன்றுதான் ராபர்ட் கே என்பவர் தொடங்கிய மியூசிக்பிரெய்ன்ஸ். அதன் அடிப்படைத் தகவல்களை எவரும் தனக்கென்று பூட்டிவைக்க முடியாதபடி பொதுவுடைமையாகவே வைத்திருக்கிறார்கள். பீட்ஸ் அந்தப் பட்டியலைத்தான் பார்த்துப் பெயர் சொல்கிறது. தன்னிடம் வந்த தொகுப்பின் பாடல் எண்ணிக்கை, பெயர், கால அளவு ஆகியவற்றை ஒப்பிட்டு, எவ்வளவு பொருந்துகிறது என்று சதவீதத்தில் காட்டும். 96-க்கு மேற்பட்டால் தானே ஏற்றுக்கொள்ளும். குறைந்தால் வீட்டாரைக் கேட்கும்.

வெளியான தொகுப்புகள் பலவற்றுக்கு அது நொடியில் பெயர் சொல்லிற்று. ஆனால் தமிழ்ப் பக்தி இசையில் அந்தப் பட்டியலில் இன்னும் எவரும் எழுதாதவை மிகுதி. எழுதுவார் எழுதினாலன்றி அது அறியாது.

பெரியவருக்கு மற்றொரு ஐயம். “தேவாரத்தைப் பண் வாரியாக வைக்கப் போகிறாயா, தலம் வாரியாகவா?” என்று கேட்டார். தேவாரம் ஓதும் வீடுகளில் இது பழைய வழக்குதான். திருஞானசம்பந்தரின் பதிகங்கள் முதல் மூன்று திருமுறைகளில் பண் வரிசையில் நிற்கின்றன. தலயாத்திரை செல்லும் அடியவருக்கோ ஓரூருக்குரிய மூவர் பதிகங்களும் ஓரிடத்தில் வேண்டும். அதற்காகச் சிதம்பரத்தில் தொடங்கித் தலம் தலமாக வகுத்த தலமுறைப் பதிப்பும் உண்டு. ஓர் ஓலைக்கட்டை ஒரு வரிசையில்தான் கோக்க முடியும்; இன்னொரு வரிசை வேண்டுமாயின் இன்னொரு கட்டு எழுதவேண்டும். பேத்தி சொன்னாள்: “இதில் இரண்டும் முடியும் தாத்தா. பாட்டு ஓரிடத்தில்தான் இருக்கும். அதற்குப் பண் என்றும் தலம் என்றும் இரண்டு குறிப்பு எழுதிவிட்டால், எப்படிக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும்.” பெரியவர் வெகுநேரம் அதை எண்ணி மகிழ்ந்துகொண்டிருந்தார். ஒரு கடிதத்தை ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் வைக்க முடிந்திருந்தால் தம் பணிக்காலம் எத்தனை எளிதாகியிருக்கும் என்று கணக்கிட்டாரோ என்னவோ.

எல்லாம் நன்றாகவே நடந்தது, கோளறு பதிகத்துக்கு வரும் வரையில்.

ஒரே பாட்டுப் பல படிகளாக இருந்தால் கண்டுபிடித்துக் காட்டவும், கட்டளையிட்டால் ஒன்றை வைத்து மீதியை நீக்கவும் அந்த மென்பொருளுக்கு வழியுண்டு. இடம் மிச்சமாகும், பட்டியலும் தெளிவாகும். பேத்தி தலைப்பைக் கொண்டு தேடச் சொன்னாள். பாடியவர் பெயர் பலவற்றில் வெறுமையாக இருந்தபடியால், தலைப்பு ஒன்றானால் பாட்டும் ஒன்று எனக் கணினி முடிவு செய்தது. நூற்றுக்கணக்கான படிகள் ஒரு நொடியில் மறைந்தன. இரவு உணவின்போது மகிழ்ச்சியோடு சொன்னாள்.

“தாத்தா, கோளறு பதிகமே மூன்று இருந்தது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எடுத்துவிட்டேன்.”

“மூன்றும் ஒரே குரலா, கண்ணு?”

“குரலைக் கேட்கவில்லை தாத்தா. தலைப்பைத்தான் பார்த்தேன்.”

பெரியவர் கை கழுவிக்கொண்டு வந்து அமர்ந்தார். கடிந்து பேசும் வழக்கம் அவரிடம் இல்லை. “ஒரே ஊருக்கு மூன்று கடிதம் வந்திருக்கிறது. ஒன்றைக் கொடுத்துவிட்டு இரண்டைக் கிழித்துப் போடலாமா?” என்றார். பேத்திக்கு முகம் வாடிவிட்டது. பூஞ்சை பிடித்த கேசட்டுகளை அந்த மாதம்தான் பழைய சாமான்காரரிடம் போட்டிருந்தார்கள்.

நல்லவேளையாக, பீட்ஸ் இயல்பாகவே பாடல்களை இடம் மாற்றுவதில்லை. முதலில் வைத்த இடத்திலேயே அவற்றை விட்டுவிட்டுத் தன் அறைக்கு ஒரு படியெடுத்துக்கொள்ளும். அழிந்தவை அந்தப் படிகள்தாம். நாடாவிலிருந்து எடுத்த முதற்பதிவுகள் வேறொரு தட்டில் அப்படியே இருந்தன. அந்த வழக்கத்தை மாற்றி, இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று நேரே நகர்த்தும்படி அவள் அமைத்திருந்தால் மீட்க வழியே இருந்திருக்காது. வீட்டில் இத்தகைய வேலையில் இறங்கும் பிள்ளைகள் எவராயினும், சரிபார்த்து முடியும்வரை முதற்பதிவைத் தொடாதிருப்பது நல்லது.

மறுநாட்காலை பூசை முடிந்தபின் மூன்றையும் போட்டுக் கேட்டார்கள். முதலாவது கடையில் வாங்கிய கேசட். இரண்டாவது அதையே யாரோ நகலெடுத்தது. மூன்றாவதில் முதலில் இரைச்சல். ஏதோ பாத்திரம் வைக்கும் ஓசை. பிறகு சுருதிப் பெட்டி எதுவுமின்றி ஒரு பெண்குரல் எழுந்தது.

கோளறு பதிகம் பிறந்த வரலாறு யாவரும் அறிந்ததே. மதுரைக்குப் புறப்பட நின்ற இளம் சம்பந்தரை, நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் பெருமான் திருமறைக்காட்டில் தடுத்தார். அடியாரை அவை வருத்தா என்று பாடிய பதிகம் அது. ஆகவே ஊருக்குப் புறப்படுவோர் நலம் கருதி அதனை ஓதும் வழக்கம் இன்றும் உண்டு. பெரியவர் இரவு வண்டிப் பணிக்குப் போகும் நாட்களில் அவர் துணைவியார் விளக்கின் முன் அமர்ந்து அதைப் பாடுவார் என்று உறவினர் சொல்லிக் கேட்டிருக்கிறாரே அல்லாமல், பெரியவர் அதைக் காதால் கேட்டவர் அல்லர். பாடுகிற நேரத்தில் அவர் வண்டியில் இருப்பார்.

பதிகத்தின் நடுவே, தொலைவில் ஓர் இரயில் எஞ்சினின் ஊதல் கேட்டது. பாட்டு ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

பெரியவர் முழுவதும் கேட்கவில்லை. எழுந்து கொல்லைப்புறம் போய்த் துளசி மாடத்தருகே நெடுநேரம் நின்றார். பேத்தியும் கூப்பிடவில்லை.

அன்று மாலை அவள் அந்தப் பதிவை மறுபடியும் பீட்ஸிடம் கொடுத்தாள். அது தன் பட்டியலையெல்லாம் தேடி, முன்பின் தொடர்பில்லாத ஏதோ ஒரு தொகுப்பைக் காட்டி, பொருத்தம் குறைவுதான், ஏற்கலாமா என்று வினவிற்று. அந்த இடத்தில் வீட்டார் தேர்வதற்குச் சில வழிகளை அது வைத்திருக்கிறது. ஏற்றுக்கொள், வேறு காட்டு, விட்டுவிடு என்பவற்றோடு, உள்ளபடியே வைத்துக்கொள் என்று ஒன்றும் உண்டு. அவள் உள்ளபடியே என்பதைத் தேர்ந்தாள். பாடியவர் என்ற இடத்தில் பாட்டியின் பெயரை எழுதினாள். அகர வரிசைக்குப் புகழ்பெற்றவர், பெறாதவர் என்ற வேற்றுமை தெரியாது. அம்மையாரின் பெயர் தருமபுரம் சுவாமிநாதன் பெயருக்கு அடுத்து வந்து நின்றது. பண் என்ற இடத்தில் பியந்தைக் காந்தாரம் என்று பெரியவர் எழுதச் சொன்னார்.

ஆண்டு என்ற இடம் வந்தது. “1980 என்று போட்டுவிடட்டுமா தாத்தா?”

“தெரிந்தால் போடு. தெரியாவிட்டால் வெறுமையாக விடு. முகவரி புரியாத கடிதத்துக்கு நாமாக ஓர் ஊரை எழுதக் கூடாது.”

ஆயினும் அவர் அந்த ஊதலைக் கொண்டு ஒன்று சொன்னார். அது நிலக்கரி எஞ்சினின் குரல். டீசல் எஞ்சினின் குரலன்று. ஆகவே மீட்டர்கேஜ் பாதையில் நீராவி வண்டி ஓடிய காலத்துப் பதிவு அது. அவ்வளவே நிச்சயம். அந்தச் சொற்களே குறிப்பில் ஏறின. இங்கே ஒரு நுட்பம் உண்டு. பண், தலம் போல நாமாக உண்டாக்கும் குறிப்புகளைப் பீட்ஸ் தன் பட்டியலில் மட்டுமே எழுதிக்கொள்ளும். பாடற் கோப்பின் உள்ளே எழுதாது. பட்டியல் கெட்டால் அவையும் போம். ஆதலால் எல்லாவற்றையும் கோப்பினுள்ளேயே உள்ள பொதுக்குறிப்புப் பகுதியிலும் அவள் மீண்டும் எழுதினாள். முழுத் தொகுப்பின் ஒரு படி சென்னையில் சித்தப்பா வீட்டுக்கும் போயிற்று.

இரைச்சலை நீக்கித் தரும் மென்பொருள்களும் உள. பேத்தி அதைச் செய்து காட்டினாள். குரல் பளிச்சென்றிருந்தது. பாத்திர ஓசை போயிற்று, ஊதலும் போயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் கோயில் சுவர்களைத் தூய்மை செய்கிறோம் என்று மணலை விசையோடு பீய்ச்சினார்கள். பிசுக்கும் சுண்ணாம்பும் நீங்கின. கல்வெட்டுகளின் எழுத்தும் மழுங்கிற்று. உழவாரம் பிடித்தவர்கள் புல்லைத்தான் செதுக்கினார்கள், கல்லை அல்ல. பெரியவர் இரைச்சலோடு இருப்பதையே வைக்கச் சொன்னார். கேட்பதற்குத் தெளிவான படி ஒன்று தனியாக இருக்கட்டும், அதன் தலைப்பிலேயே தூய்மை செய்தது என்று எழுதிவிடு என்பது அவர் தீர்ப்பு.

இவ்வளவுக்குப் பிறகும் 37 பதிவுகள் எஞ்சின. பாடுகிறவர் யார், எந்த ஊர், எந்த விழா என்று பெரியவருக்கே தெரியவில்லை. அஞ்சல் துறையில், கொடுக்கவும் முடியாமல் அனுப்பியவரிடம் திருப்பவும் முடியாமல் நிற்கும் கடிதங்கள் போய்ச் சேரும் அலுவலகம் ஒன்று உண்டு. ஆர்.எல்.ஓ. என்பார்கள். அங்கே கடிதத்தைப் பிரித்துப் பார்த்து, உள்ளே ஏதேனும் முகவரி கிடைக்கிறதா என்று தேடுவார்கள். பெரியவர் அந்த 37-க்கும் ஆர்.எல்.ஓ. என்றே பெயர் வைக்கச் சொன்னார். அவற்றை எந்தக் கணினியும் அடையாளம் காட்டப் போவதில்லை. உலகப் பட்டியலில் அவை இல்லை. அவற்றின் முகவரி எழுபதும் எண்பதும் கடந்த சிலரின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

கார்த்திகை தீபத்துக்குச் சீர்காழியிலிருந்து அத்தை வந்திருந்தார். வயது 86. கண் மங்கலாயினும் செவி கூர்மையாக இருந்தது. பேத்தி கைப்பேசியில் நேவிட்ரோமைத் திறந்து ஆர்.எல்.ஓ. பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். முதல் மாலையில் ஆறு, மறுநாள் ஐந்து என்று பதினொன்றுக்கு அத்தை பெயர் சொன்னார். விரிவுரை செய்த பௌராணிகர் யாரென்பதை அவர் இருமிய இருமலைக் கொண்டே கண்டுகொண்டார். ஒன்றைக் கேட்டதும், “அந்த ஓதுவார் மூக்கடைப்போடு பாடிய வருஷம் இது. உன் அப்பனுக்கு அப்போதுதான் மொட்டை அடித்தோம்” என்றார். அதுவும் குறிப்பில் ஏறிற்று.

கொலுப் பாட்டுப் பதிவில் ஐந்து பெண்குரல்கள். நான்கை அத்தை உடனே பிரித்துச் சொன்னார். நால்வரும் இப்போது இல்லை. ஐந்தாவது குரலுக்கு அவர் மூன்று முறை திரும்பப் போடச் சொன்னார். “குரல் தெரிகிறது, பெயர் வரமாட்டேன் என்கிறது. திருவெண்காட்டில் அவளுடைய ஓரகத்தி இருக்கிறாள். அவளுக்குத் தெரியும்” என்றார்.

எண்ணைத் தேடித் தொலைபேசியில் பேசினார்கள். அந்த அம்மாளுக்கு இப்போது தொலைபேசியில் காது கேட்பதில்லை என்று மருமகள் சொன்னார். எதிரே அமர்ந்து சற்று உரக்கப் பேசினால் கேட்குமாம். பேத்தி காதை முழுவதும் மூடும் ஹெட்போன் ஒன்றைத் தருவித்திருக்கிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை சுவேதாரண்யேசுவரரைத் தரிசித்துவிட்டு அந்த வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. மீதி 26 பதிவுகளையும் கைப்பேசியில் ஏற்றி வைத்துக்கொள்ளும்படி பெரியவர் சொல்லியிருக்கிறார்.